நாங்களே வேகத்தடை கட்டிவிடலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பேட்டையில் ஒரு சரிவான தெரு. மேல்முனையில் தொடக்கப்பள்ளி, கீழே கோயில். ஹிகின்சன் நெடுஞ்சாலையில் நெரிசல் கூடினால் வண்டிகளெல்லாம் இந்தத் தெருவைக் குறுக்குவழியாக்கிக்கொள்கின்றன. வேகத்தடை கேட்டு இரண்டு முறை மனு கொடுத்தாகிவிட்டது. இரண்டு முறையும் "தேவை நிறுவப்படவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. "சிமெண்டும் மணலும் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே ஒரு மேடு கட்டிவிட்டால் என்ன?" என்று கேட்கிறீர்கள்.

கட்டாதீர்கள். பொதுச் சாலையில் அதிகாரம் பெறாத எவரும் சாலைக் குறியீடு வைப்பதே 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், மேடு கட்டுவது அதைவிடப் பெரிய காரியம். நீங்கள் கட்டிய மேட்டில் இரவில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் விழுந்தால் இழப்பீட்டு வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. கையால் கட்டும் மேடு எப்போதும் குறுகலாகவும் செங்குத்தாகவும்தான் அமையும். அப்படிப்பட்ட மேட்டில் மெதுவாகப் போகிறவருக்கே இடுப்பு நோகும். வேகமாகப் போகிறவரின் அதிர்ச்சியை வண்டியின் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஆர்.கே.கான் மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுபோகும் ஆம்புலன்சுக்கு அது தண்டனை, முரட்டுத்தனமாக ஓட்டும் பையனுக்கு விளையாட்டு.

பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் 1973இல் வாட்ஸ் என்ற ஆய்வாளர் வடிவமைத்த மேடு 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், மேற்பகுதி வில்போல் வளைந்தது. உலகின் பல நாடுகளில் இன்று போடப்படும் வேகத்தடைகளுக்கு அதுதான் மூலம். நீளம் காரின் சக்கர இடைவெளியைவிடக் கூடுதல் என்பதால், மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது தொந்தரவு தராது. வேகம் கூடக்கூடத் தூக்கிப்போடும். அந்த வளைவை ஞாயிற்றுக்கிழமைக் கொத்துவேலையில் கொண்டுவர முடியாது.

இனி உங்கள் மனுக்கள் ஏன் திரும்பி வந்தன என்பதற்கு வருகிறேன். விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. "எங்கள் தெருவில் எல்லோரும் அதிவேகமாகப் போகிறார்கள்" என்று எழுதியிருப்பீர்கள். ஏறக்குறைய எல்லா மனுக்களும் அப்படித்தான் தொடங்குகின்றன. தென்னாப்பிரிக்காவில் வேறு பலகை இல்லாத எந்த நகரத் தெருவுக்கும் வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். நாலடி நடைபாதையும் இரு பக்கமும் நிறுத்திய கார்களுமாக இருக்கும் உங்கள் தெருவுக்கும் அதே 60தான். அதிகாரி வந்து கருவி வைத்து அளக்கிறார். நூற்றுக்கு எண்பத்தைந்து வண்டிகள் 55க்குள் போகின்றன என்று வருகிறது. அவர் கணக்கில் சட்டமீறல் இல்லை, கோப்பு மூடப்படுகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் குற்றச்சாட்டு எழுதினீர்கள், அவர் குற்றம் நடந்ததா என்று பார்த்தார். அவ்வளவுதான்.

ஆகவே மூன்றாவது மனுவில் ஓட்டுநர்களைப் பற்றிப் பேசாதீர்கள். தெருவைப் பற்றிப் பேசுங்கள். 60 என்ற வேகம் இந்தத் தெருவின் அகலத்துக்கும் சரிவுக்கும் அதில் நடக்கிறவர்களுக்கும் பொருந்தாது என்பதுதான் உங்கள் வாதமாக இருக்கவேண்டும். இதை நிறுவ முடியும்.

கணக்கு எளியது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60இல் போகிற கார் அந்த ஒன்றரை வினாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். உலர்ந்த சமதளச் சாலையில் நிற்பதற்கு மொத்தம் 45 மீட்டர் வரை வேண்டும். அதே கார் 30இல் வந்திருந்தால் மொத்தமே 17, 18 மீட்டரில் நின்றிருக்கும். அதாவது 30இல் வந்தவர் நின்று முடித்த இடத்தில் 60இல் வந்தவரின் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்காது. இது சமதளக் கணக்கு. சாட்ஸ்வொர்த் சரிவில் கீழ்நோக்கி வரும்போது இன்னும் நீளும், மழையில் மேலும் நீளும். மோதினால் விளையும் சேதம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 60இல் வரும் காரின் இயக்க ஆற்றல் 30இல் வருவதைப்போல் நான்கு மடங்கு. 30இல் அடிபட்ட பாதசாரி பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். 50ஐத் தாண்டினால் அந்த வாய்ப்பு விறுவிறுவென்று சரிகிறது. மனிதரும் வண்டியும் கலந்து புழங்கும் தெருக்களில் 30ஐ மேல்வரம்பாக வைக்கவேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் சொன்னதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. இந்த நாட்டில் ஆண்டுதோறும் 12,000 பேர் அளவில் சாலைகளில் இறக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் நடந்துபோனவர்கள் என்பதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஒரு வரி போதும். நாட்டுக் கணக்கு அதிகாரிக்குத் தெரியும். உங்கள் தெருக் கணக்குதான் தெரியாது.

அந்தத் தெருக் கணக்கை எடுப்பது உங்கள் வேலை. விலையுயர்ந்த கருவி வேண்டாம். சாலையோரம் நூறு மீட்டரை நாடாவால் அளந்து, இரு முனையிலும் நடைபாதை விளிம்புக் கல்லில் சுண்ணக்கட்டியால் சிறு கோடு போடுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது மேலே இருப்பவர் கையைத் தாழ்த்துகிறார், கீழே இருப்பவர் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துகிறார். இரண்டாம் கோட்டில் நிறுத்துகிறார். 360ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். ஆறு வினாடி என்றால் 60, ஒன்பது என்றால் 40, பன்னிரண்டு என்றால் 30. விரல் தாமதத்தால் சிறு பிழை வரும்தான், நூறு வண்டிகளின் கணக்கில் அது பெரிய விஷயமல்ல. நூறையும் மெதுவானதிலிருந்து வேகமானதுவரை வரிசைப்படுத்தி எண்பத்தைந்தாவது எண்ணைப் பாருங்கள். பொறியாளர் முதலில் கேட்கும் எண் அதுதான். பள்ளி தொடங்கும் நேரம், விடும் நேரம், சனிக்கிழமை மாலை ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். பள்ளி விடுமுறையில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது. வாகன எண்களைக் குறிக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வண்டிகளை மட்டும் எண்ணினால் பாதி வேலைதான் முடிந்தது. எத்தனை பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள், எந்த இடத்தில் கடந்தார்கள், கைத்தடியோடு எத்தனை பெரியவர்கள், நடைபாதை எங்கே முடிந்து மக்கள் சாலையில் இறங்குகிறார்கள், நிறுத்திய காருக்குப் பின்னாலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியுமா என்பதெல்லாம் தாளில் ஏறவேண்டும். நம் பேட்டைகள் 1960களில், இனத்துக்கு ஒரு பகுதி என்று ஒதுக்கிய நிறவெறி ஆட்சியின் இனவாரிப் பகுதிச் சட்டத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்டவை. பஸ்சில் போகிற தொழிலாளிகள் என்ற நினைப்பில் போட்ட தெருக்கள். இன்று வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது, சாலை அதே அகலத்தில் இருக்கிறது. இதைப் படமாக வரைந்து காட்டுங்கள். ஒரு பள்ளிப் பெண்ணிடம் கொடுத்தால் அழகாக வரைந்து தருவாள்.

காவல் நிலையப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். காயம் பட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. சுவரில் உரசியது, நாயை அடித்தது, பிள்ளை கடைசி நொடியில் தப்பியது எல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுத் தேதியோடு எழுதுங்கள். இடிபட்ட மதில்களைப் படம் எடுங்கள். மாநகராட்சியிடம் உள்ள விபத்துத் தரவு வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். இனி ஒரு மறுப்பு வந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். அதே ஆண்டு வந்த நிர்வாக நீதிச் சட்டத்தின்கீழ், முடிவு தெரிந்த 90 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம். "தேவை நிறுவப்படவில்லை" என்பது காரணமல்ல. எந்த அளவுகோலின்படி, எந்த நாள் அளந்து, என்ன எண் வந்தது என்பதுதான் காரணம். பலரும் இந்தக் கடிதத்தை எழுதுவதேயில்லை. எழுதினால் அலுவலகத்தில் உங்கள் கோப்பின் மதிப்பு ஏறிவிடும்.

வாகன எண்களைக் குறிக்கவேண்டாம் என்றேன். உலகம் முழுக்க இப்படிப்பட்ட தெருத் திட்டங்களை நடத்தியவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு. குடியிருப்புத் தெருவில் வேகமாகப் போகிறவர்களில் பெரும்பகுதி வெளியாரல்லர், அந்தத் தெருக்காரரும் அடுத்த தெருக்காரரும்தான். குறுக்குவழிக்காரர்களைத் திட்டுவது எளிது. பட்டியல் எடுத்தால் அதில் உங்கள் சித்தப்பாவின் பக்கி வண்டியும் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட ஓடும் பக்கத்து வீட்டு அக்காவும் இருப்பார்கள். பெயரைச் சொன்னால் கூட்டம் அங்கேயே இரண்டாக உடையும். எண்ணை மட்டும் சுவரில் ஒட்டுங்கள். அவரவர் காலை மணி ஏழரைக்கு எங்கே இருந்தோம் என்று அவரவருக்குத் தெரியும்.

கூட்டத்தை யார் கூட்டுவது என்பதில் என் கருத்து சற்றுத் திட்டவட்டமானது. புதிய சங்கம் தொடங்காதீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தலிலேயே ஆறு மாதம் போய்விடும். கோயில் குழுவைப் பிடியுங்கள். தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் தெருவை மூட விண்ணப்பம் எழுதி, போக்குவரத்துக் காவலரை வரவழைத்து, எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கையெழுத்து வாங்கவேண்டும் என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். இந்த அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அவர்களோடு பள்ளியின் நிர்வாகக் குழுவையும் சமூகக் காவல் மன்றத்தையும் முதியோர் சங்கத்தையும் சேருங்கள். மசூதி, தேவாலயத்து ஆட்களையும் மறக்காதீர்கள். இந்தத் தெருவில் நடக்கிறவர்கள் தமிழர் மட்டுமல்லர். குன்றுக்கு அப்பாலிருந்து வேலைக்கு நடந்துவரும் ஜூலு பெண்களிடம் எந்த இடத்தில் கடக்கப் பயம் என்று கேட்டால், நாம் காரிலிருந்து பார்க்காத இடங்களைச் சொல்வார்கள்.

டாக்ஸி ஓட்டுநர்களையும் கூப்பிடுங்கள். மினிபஸ் டாக்ஸிக்காரரைத் திட்டுவது இந்த ஊரில் ஒரு பொழுதுபோக்கு. அவர் வருமானம் ஒரு நாளில் எத்தனை நடை ஓடினார் என்பதைப் பொறுத்தது. நிறுத்த இடம் இல்லாததால் நடுச்சாலையில் நிறுத்துகிறார், இழந்த நிமிடத்தை உங்கள் சரிவில் பிடிக்கிறார். பள்ளிக்குச் சற்றுத் தள்ளி ஒதுங்கி நிறுத்த ஓர் இடம் கேட்டு உங்கள் மனுவிலேயே சேர்த்தீர்களானால், அவர்களுடைய சங்கம் எதிர்ப்பதற்குப் பதில் ஒப்பமிடவும் கூடும்.

என்ன கேட்பது? வேகத்தடையை மட்டும் கேட்காதீர்கள். பஸ் ஓடும் தெருவிலும் தீயணைப்பு வண்டி போகும் வழியிலும் முழு மேடு போடப் பொறியாளர்கள் தயங்குவார்கள். ஒவ்வொரு மேடும் கனரக வண்டிக்குச் சில வினாடிகளைத் தின்னும், ஐந்து மேடு வந்தால் அது பெரிய நேரம். அதற்கு மாற்று, சாலையின் முழு அகலத்துக்கும் இல்லாமல் திட்டுத் திட்டாக வைக்கும் மேடுகள். இடது, வலது சக்கரங்களுக்கிடையே அகலம் கூடிய பஸ் இருபக்கமும் கால்பரப்பிப் போய்விடும், கார் ஏறித்தான் ஆகவேண்டும். கடுஞ்சரிவில் எந்த மேடும் ஆபத்து. மேலும் நம் ஊரில் தண்ணீரை மறக்கக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த மாகாணம் இது. விளிம்புக் கல்லோடு ஒட்டிக் கட்டிய மேடு ஓரத்து நீரோட்டத்தை மறித்து, தண்ணீரைக் கீழ்வீட்டுக் கதவுக்குத் திருப்பிவிடும். இரு ஓரத்திலும் நீர் ஓட இடைவெளி விட்டுத்தான் போடவேண்டும். நீங்களே கட்டவேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னைக் கேட்டால், பள்ளி வாசலில் மேடையாக உயர்த்திய நடைக்கடவு ஒன்று, அதன் இரு பக்கமும் நடைபாதையைச் சாலைக்குள் ஒரு கார் அகலத்துக்கு நீட்டுவது, கீழே குறுக்குத்தெரு சந்திக்கும் இடத்தில் ஒரு சிறிய ரவுண்டானா. இந்த மூன்றும் சேர்ந்தால் உங்கள் தெருவுக்கு வேகத்தடை தேவைப்படாமலே போகலாம். நடைபாதையை நீட்டினால் பிள்ளை கடக்கவேண்டிய தூரம் குறைகிறது. நிறுத்திய காருக்கு முன்னால் வந்து நிற்கிறாள், ஓட்டுநருக்குத் தெரிகிறாள். சிறிய ரவுண்டானாவின் அருமைக்குச் சியாட்டில் நகரம் சான்று. 1970களிலிருந்து அங்கே குடியிருப்புத் தெருக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அந்தந்தத் தெருக்காரர்கள் கையெழுத்துத் திரட்டிக் கேட்டார்கள், பலவற்றில் செடி வளர்த்துப் பராமரிப்பதும் அவர்கள்தான். சந்திப்பு விபத்துகள் பெருமளவு குறைந்தன. எந்தப் பக்கமிருந்து வரும் வண்டியும் நின்றுதான் போகவேண்டும் என்ற, நம் ஊருக்குப் பழக்கமான நான்கு பக்க நிறுத்தமும் உதவும், ஆனால் பின்னிரவில் அதை மதிப்பவர் குறைவு. நடுவில் ஒரு திண்டு இருந்தால் மதிக்காமல் போக முடியாது.

40 என்ற பலகையும் கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பிரிட்டனில் 2018இல் வெளியான அரசு ஆய்வு, குடியிருப்புத் தெருக்களில் வெறும் பலகை வைத்து வரம்பைக் குறைத்தபோது வேகம் மணிக்கு ஒரு மைல்கூடக் குறையவில்லை என்று கண்டது. பலகையின் பயன் வேறு. சட்ட வரம்பு 40 ஆனதும், பழைய 55 என்ற அளவே மீறலாகிவிடும். மற்ற வேலைகளைக் கேட்க அது கதவைத் திறக்கும்.

தெருவைத் தடுப்புக் கம்பியால் மூடிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஜோகன்னஸ்பர்க்கில் பாதுகாப்பின் பெயரால் அப்படிப் பல தெருக்கள் மூடப்பட்டிருக்கின்றன. நான் அதற்கு எதிரி. வண்டி அடுத்த தெருவுக்குப் போகும், நடக்கிறவர் சுற்றிப் போவார். எங்கே வாழலாம், எங்கே நடக்கலாம் என்று நமக்கு வேலி போட்ட காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

காலம் பார்த்துக் கேட்பது பாதி வெற்றி. மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு வரவுசெலவுத் திட்டத்தை ஏறக்குறைய மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைத்து, மே முடிவதற்குள் ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது சட்டம். மே மாதம் மனு கொடுத்தால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்ற பதில் பொய்யல்ல, உண்மையிலேயே பணம் ஒதுக்கி முடிந்திருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் அளந்துவிடுங்கள், அக்டோபரில் வார்டு கவுன்சிலர் கையில் கொடுங்கள். கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர்வரை உள்ள வார்டு குழு ஒன்று சட்டப்படி உண்டு. அதன் கூட்டக் குறிப்பில் உங்கள் தெரு ஏறிவிட்டதா என்று பாருங்கள். குறிப்பில் ஏறாத வாக்குறுதி தேநீரோடு போய்விடும். பிறகு பொறியாளரைப் பள்ளி விடும் நேரத்தில் தெருவில் நடக்க அழையுங்கள். அலுவலக நேரத்தில் பத்து மணிக்கு வந்தால் அவர் பார்ப்பது காலியான தெருவைத்தான்.

பணம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டாம். பள்ளி வழியாக மாணவர் சாலைக் காவல் அணி அமைக்கலாம். பயிற்சியும் அங்கீகாரமும் பெற்ற அந்தப் பிள்ளைகள் குறியீட்டை நீட்டினால் ஓட்டுநர் நின்றே தீரவேண்டும். பெரியவர் இருவர் முன்னும் பின்னும் நடக்க, பிள்ளைகளைக் கூட்டமாகப் பள்ளிக்குக் கொண்டுபோகும் 'நடைப் பேருந்து' முறையும் உண்டு. மேற்கு கேப் மாகாணத்தில் குற்றக் கும்பல்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்க அது நடக்கிறது. போக்குவரத்துக்கும் அது பயன்படும், ஏனென்றால் காரில் பள்ளிக்கு விடும் பெற்றோர் எண்ணிக்கை குறைந்தால் வாசல் நெரிசலே குறைந்துவிடும். "நான் இந்தத் தெருவில் 40ஐத் தாண்டமாட்டேன்" என்று கையெழுத்திட்டு ஒட்டுத்தாளைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது சிறு காரியமாகத் தெரியும். குறுகிய தெருவில் முன்னால் ஒரு கார் 40இல் போனால் பின்னால் வருகிற பத்துக் காரும் 40தான். முந்த இடமில்லை.

வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து அதே நூறு மீட்டரில், அதே கோட்டில், அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். பக்கத்துத் தெருவிலும் அளந்து பாருங்கள், முடிந்தால் வேலை தொடங்கும் முன்பே அங்கும் ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவழி வண்டிகளில் ஒரு பகுதி அங்கே திரும்பியிருக்கும். அவர்கள் உங்கள் மேல் கோபமாக வருவார்கள், கோபத்தில் நியாயமும் இருக்கும். அதனால்தான் முதல் கூட்டத்துக்கே அந்தத் தெருவிலிருந்து இருவரை அழைத்து, இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுங்கள் என்கிறேன். பொறியாளருக்கும் தனித்தெருவைவிட ஒரு வட்டாரமாகக் கேட்பவர்களுக்குத் திட்டம் போடுவது எளிது.